கொழுப்புத் திசுவும் உடல் பருமனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரைக்க வேண்டியது, எரிக்க வேண்டியது என்றுதான் விளம்பரங்கள் கொழுப்பைப் பற்றிப் பேசுகின்றன. அது உடலுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. எடை கூடி வருந்துபவர்கள், ஒல்லியாக இருந்தும் சுகர் வந்தவர்கள், பாடுபட்டுக் குறைத்த எடை திரும்ப வந்து மனம் நொந்தவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கொழுப்புத் திசு என்பது என்ன? உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது?

கொழுப்பைச் சேர்த்து வைப்பதற்கென்றே அமைந்த செல்கள் கூட்டமாக இருக்கும் இடம்தான் கொழுப்புத் திசு. பெரும்பங்கு தோலுக்கு அடியில் இருக்கிறது. தொடை, பின்புறம், அடிவயிறு, மேல்கை என்று கிள்ளிப் பிடிக்க முடிகிற இடமெல்லாம் இதுதான். இன்னொரு பங்கு வயிற்றறைக்குள் குடலையும் சிறுநீரகத்தையும் ஒட்டி இருக்கிறது. அதைக் கிள்ள முடியாது. எலும்பு மஜ்ஜையிலும் இதயத்தைச் சுற்றியும்கூடக் கொழுப்பு உண்டு. கண்விழிக்குப் பின்னால், குதிகாலில், உள்ளங்கையில் இருக்கும் கொழுப்புக்கு வேலை வேறு. அழுத்தத்தையும் அதிர்வையும் தாங்குவதற்காக இருப்பதால், உடம்பு மெலிந்தாலும் அது கடைசியில்தான் குறையும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு கொழுப்பு செல் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே ஓர் எண்ணெய்த் துளியாகத் தெரியும். உட்கரு ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும். அந்த எண்ணெய்தான் ட்ரைகிளிசரைடு. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் அதே பெயர்தான். செல்களுக்கு நடுவே ரத்தக் குழாய்கள், நரம்பு நுனிகள், நோய் எதிர்ப்பு செல்கள், கொழுப்பு செல்லாக வளரக் காத்திருக்கும் இளம் செல்கள் எல்லாம் இருக்கின்றன. பல ஹார்மோன்கள் இங்கிருந்தே சுரக்கின்றன. அதனால் இன்றைய மருத்துவம் இதைக் கல்லீரல், கணையம் போல ஓர் உறுப்பாகவே கருதுகிறது.

உடம்புக்கு இவ்வளவு சேமிப்பு எதற்கு?

மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்குச் சுமார் 4 கலோரி. கொழுப்பில் 9. மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்தால் கூடவே தண்ணீரையும் சுமக்க வேண்டும். கல்லீரலும் தசையும் சேர்ந்து வைத்திருப்பதே அரை கிலோ அளவுதான். ஒரு நாள் பட்டினிக்கே அது போதாது. கொழுப்புத் திசு ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி தாங்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவரிடம் 12 கிலோ இருந்தாலே 90,000 கலோரிக்கு மேல் கையிருப்பு. காய்ச்சலில் படுத்தாலும், பிள்ளை பெற்றுப் பால் கொடுத்தாலும், மழை பொய்த்துப் பஞ்சம் வந்தாலும் உடம்பு தாக்குப்பிடித்தது இதனால்தான்.

மருத்துவப் பதிவில் ஒரு வியப்பான கதை உண்டு. 1965இல் ஸ்காட்லாந்தின் டன்டீ நகரில் ஆங்கஸ் பார்பியரி என்ற 27 வயது இளைஞர் 207 கிலோ எடையோடு மருத்துவர்களிடம் வந்தார். அவர்கள் கண்காணிப்பில் 382 நாள் திட உணவே இல்லாமல் இருந்தார். தேநீர், காபி, சோடாத் தண்ணீர், வைட்டமின்கள், கொஞ்சம் தாது உப்புகள். அவ்வளவுதான். முடிவில் 82 கிலோ. ஓராண்டு முழுக்க அவர் உடலை நடத்தியது அவருடைய கொழுப்புத் திசுதான். இதைப் படித்துவிட்டு யாரும் முயற்சி செய்துவிடாதீர்கள். அதே காலத்தில் இப்படி நீண்ட பட்டினி இருந்த சிலர் இதயத் துடிப்புக் கோளாறில் இறந்துபோயிருக்கிறார்கள்.

சாப்பிட்ட சாதம் எப்படிக் கொழுப்பாகிறது?

பலர் நினைப்பது போல சாதம் நேரே தொப்பைக் கொழுப்பாக மாறிவிடுவதில்லை. சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, இன்சுலின் சுரக்கிறது. உடம்பு முதலில் சர்க்கரையைச் செலவழிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் கொழுப்பை எரிப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அதே சாப்பாட்டில் வந்த எண்ணெய், நெய், தேங்காய்க் கொழுப்பெல்லாம் ரத்தத்தில் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுற்றிவரும். கொழுப்புத் திசுவின் ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் ஒரு நொதி அவற்றைப் பிரித்து, செல்லுக்குள் சேர்க்கும். இன்சுலின் இந்த நொதியைத் தூண்டிவிடும், சேர்ந்தது வெளியே வராமலும் தடுக்கும்.

கல்லீரல் சர்க்கரையிலிருந்து கொழுப்பைப் புதிதாகத் தயாரிப்பதும் உண்டு. சாதாரணச் சாப்பாட்டில் அது கொஞ்சம்தான். மாவுச்சத்தும் சர்க்கரையும் தேவைக்கு மேல் தினமும் போனால் அந்தத் தயாரிப்பு கூடும், கல்லீரலிலேயே தங்கவும் செய்யும். ஆகவே சாதத்தை மட்டும் குற்றவாளி ஆக்குவதும், எண்ணெயை மட்டும் குற்றவாளி ஆக்குவதும் சரியில்லை. தட்டு நிறைய சாதம், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், பருப்பு பெயருக்கு, நடுவில் இரண்டு மூன்று முறை சர்க்கரை போட்ட காபி. என் பார்வையில் நம் வீடுகளில் மாற்ற வேண்டியது இந்த விகிதத்தைத்தான்.

கொழுப்பு "கரையும்"போது எங்கே போகிறது?

சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்திலும் தூங்கும்போதும் இன்சுலின் இறங்கும். நடந்தால், ஓடினால், பயந்தால் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஏறும். இரண்டும் சேர்ந்து கொழுப்பு செல்லின் கதவைத் திறக்கின்றன. ட்ரைகிளிசரைடு கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் பிரிந்து ரத்தத்துக்கு வரும். கொழுப்பு அமிலங்களைத் தசையும் இதயமும் எரிக்கும். கிளிசராலிலிருந்து கல்லீரல் சர்க்கரை செய்துகொள்ளும்.

எரிந்தபின் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சு வழியே போகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது என்று 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டு வெளியிட்டார்கள். கொழுப்பு வெளியேறும் முக்கியமான வழி நுரையீரல். அதற்காக வேக வேகமாக மூச்சு விட்டால் எடை குறையாது, தலைதான் சுற்றும். வியர்வையில் போவதும் கொழுப்பில்லை. வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு நடந்தவர்களுக்கு எடைக்கருவி காட்டும் குறைவு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும்.

வயிற்றுப் பயிற்சி செய்தால் தொப்பை மட்டும் குறையுமா?

குறையாது. வயிற்றுத் தசை பலப்படும், அது நல்லதுதான். ஆனால் தசை தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தை ரத்தத்திலிருந்து எடுக்கிறது. அது உடலின் எல்லாப் பகுதியிலிருந்தும் வருகிறது. எந்த இடம் முதலில் இளைக்கும் என்பதை மரபணுவும் ஹார்மோனும் தீர்மானிக்கின்றன.

எடை கூடும்போது கொழுப்பு செல்கள் அதிகமாகின்றனவா, பெரிதாகின்றனவா?

இரண்டும் நடக்கலாம். இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறியது. 1963இல் திறந்தவெளியில் சோதனை செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தபின் அது படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டில் காற்றில் எவ்வளவு இருந்ததோ அந்த அளவு அதன் டி.என்.ஏ.விலும் பதிந்திருக்கும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் இதை வைத்துக் கொழுப்பு செல்களின் வயதைக் கணித்து 2008இல் வெளியிட்டார்கள்.

குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் எண்ணிக்கை கூடுகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சுமார் 10 சதவீத செல்கள் செத்துப் புதியவை வருகின்றன, மொத்தக் கணக்கு மட்டும் மாறுவதில்லை. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நிறைய எடை குறைந்தவர்களிடமும் செல்கள் சுருங்கியிருந்தன, எண்ணிக்கை குறையவில்லை. வளர்ந்தவர்களுக்கு எடை கூடுவது பெரும்பாலும் இருக்கும் செல்கள் வீங்குவதால்தான். மிக அதிகமாகக் கூடும்போது புதியவையும் சேரும்.

பழுப்புக் கொழுப்பு என்கிறார்களே, அது என்ன?

நாம் இதுவரை பேசியது வெள்ளைக் கொழுப்பு. பழுப்புக் கொழுப்பில் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகளும், செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவும் நிறைய இருக்கும். அந்த மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள இரும்பால்தான் அந்த நிறம். இது கொழுப்பை எரித்து நேரடியாகச் சூடாக மாற்றும். பிறந்த குழந்தை நடுங்கத் தெரியாமலே உடல் சூட்டைக் காப்பாற்றிக்கொள்வது இதனால்தான். பெரியவர்களிடம் இது இல்லை என்றே வெகுகாலம் நம்பினார்கள். கழுத்திலும் காரை எலும்புக்கு மேலும் அது வேலை செய்வதை 2009இல் வெவ்வேறு நாடுகளின் மூன்று குழுக்கள் ஸ்கேன் மூலம் காட்டின.

பச்சைத்தண்ணீரில் குளித்தால் எடை குறையுமா என்று கேட்பவர்களுக்கு: குளிர் அதைத் தூண்டுவது உண்மை. ஆனால் பெரியவர்களிடம் இருக்கும் அளவு மிகக் குறைவு. எடை குறைய அது போதாது.

கொழுப்புக்கும் பசிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நேரடித் தொடர்பு. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இல் ஓயாமல் தின்று குண்டாகும் எலிகள் பிறந்தன. பின்னாளில் அங்கே பணியாற்றிய டக்ளஸ் கோல்மன், அப்படிப்பட்ட எலியின் ரத்த ஓட்டத்தை வேறு எலியின் ரத்த ஓட்டத்தோடு இணைத்துப் பார்த்தார். குண்டு எலி சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டது. மற்ற எலியின் ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று இதனிடம் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. அந்த ஏதோ ஒன்றை 1994இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது. அதுதான் லெப்டின். சுரப்பது கொழுப்பு செல். போய்ச் சேருவது மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதாலமஸ் பகுதி. கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிப்பதே இதன் வேலை.

1997இல் பிரிட்டனில் இரண்டு குழந்தைகளுக்குப் பிறவியிலேயே லெப்டின் இல்லை என்று கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அடங்காத பசி, சின்ன வயதிலேயே நடக்கச் சிரமப்படும் அளவுக்கு எடை. லெப்டின் ஊசி போட ஆரம்பித்ததும் பசி அடங்கியது, எடை இறங்கியது. கட்டுப்பாடில்லாமல் தின்கிறது என்று திட்டு வாங்கும் ஒரு குழந்தைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டிய நிகழ்வு அது. அந்தக் குழந்தைகளுக்கு மன உறுதி குறைவாக இல்லை. ஒரு ஹார்மோன் குறைவாக இருந்தது.

அப்படியென்றால் எல்லோருக்கும் லெப்டின் ஊசி போட்டுவிடலாமே என்று தோன்றும். முயன்றார்கள், பலிக்கவில்லை. சாதாரண உடல் பருமனில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. லெப்டின் ஏறுவதைவிட இறங்குவதைத்தான் மூளை பெரிதாக எடுத்துக்கொள்கிறது. பட்டினி ஆபத்து நெருங்குகிறது என்று அது பொருள் கொள்ளும்.

பெண்களுக்கு ஏன் அதிகக் கொழுப்பு?

ஆரோக்கியமான பெண் உடலில் கொழுப்பின் பங்கு ஆணைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அது குறை கிடையாது. கருவைச் சுமக்கவும் பால் கொடுக்கவும் உண்டான ஏற்பாடு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதை இடுப்பிலும் தொடையிலும் சேர்க்கிறது. கொழுப்பு மிகவும் குறைந்துபோனால் லெப்டின் இறங்கி, மாதவிடாயே நின்றுவிடும். கடுமையாக டயட் இருக்கும் இளம்பெண்களிடமும் விளையாட்டு வீராங்கனைகளிடமும் இதைப் பார்க்கலாம். கல்லூரிப் பெண் ஒருத்தி எடை குறைந்து, மாதவிடாயும் தள்ளிப்போனால் வீட்டில் உள்ளவர்கள் பாராட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

மாதவிடாய் முற்றிலும் நின்றபின் கொழுப்பு சேரும் இடம் தொடையிலிருந்து வயிற்றுக்கு மாறும். அந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் கிடைக்கும் முக்கிய இடமே கொழுப்புத் திசுதான். உடல் பருமன் உள்ளவர்களுக்கு அப்போது மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடையில் சேரும் கொழுப்பைவிட வயிற்றில் சேருவது மோசமா?

ஆம். 1947லேயே பிரெஞ்சு மருத்துவர் ஜான் வாக், மேல் உடம்பில் கொழுப்பு சேருபவர்களுக்கே நீரிழிவும் ரத்தக் குழாய் நோயும் அதிகம் வருகிறது என்று எழுதினார். பிறகு வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. தொடைக் கொழுப்பு வாங்கியதைப் பத்திரமாக வைத்திருக்கும், எளிதில் விடாது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு சட்டென்று பிரியும், இன்சுலினுக்கு அவ்வளவாக அடங்காது, அங்கிருந்து கிளம்பும் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகும். தொடை பெருத்திருக்கிறது என்று வருந்தும் பெண்களிடம் இதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை. அந்தக் கொழுப்பு உங்களுக்குக் காவல்.

சரி, கொழுப்பு இவ்வளவு நல்ல வேலை செய்கிறது என்றால் உடல் பருமனில் நோய் எப்படி வருகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

கொழுப்பே இல்லாமல் பிறக்கும் சிலர் இருக்கிறார்கள். லிப்போடிஸ்ட்ரோஃபி என்று அந்த அரிய நோய்க்குப் பெயர். தோலுக்கடியில் கொழுப்பு இல்லாததால் நரம்பும் தசையும் புடைத்துத் தெரியும். கொழுப்பு கெட்டது என்றால் இவர்கள்தான் மிக ஆரோக்கியமாக இருக்க வேண்டும். நடப்பது நேரெதிர். கடுமையான நீரிழிவு, கொழுப்பு அடைத்து வீங்கிய கல்லீரல், ஆயிரக்கணக்கில் ஏறும் ட்ரைகிளிசரைடு. உடல் பருமனில் வரும் அதே நோய்கள், இன்னும் தீவிரமாக.

இரண்டுக்கும் பொதுவானது இடப்பற்றாக்குறை. கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் பிரச்சினை பெரிதாக இல்லை. அங்கே இடம் இல்லாமல்போகும்போதுதான் கேடு. குதிர் நிறைந்தபின்னும் நெல் வந்துகொண்டே இருந்தால் கூடத்திலும் முற்றத்திலும் கிடந்து முளைத்துக் கெட்டுப்போவதைப் போல, மிஞ்சிய கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் போய்த் தங்குகிறது. கல்லீரலில் தங்கினால் அதுதான் ஃபேட்டி லிவர். கல்லீரலும் தசையும் இன்சுலினுக்குச் சரியாக அடங்காமல் போகும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும்.

கொழுப்பு செல்லும் அளவுக்கு மீறி வீங்கினால் தானே தடுமாறும். உள்ளே ஆக்ஸிஜன் போதாமல் சில செல்கள் சாகும். அவற்றை அப்புறப்படுத்த நோய் எதிர்ப்பு செல்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். அவை வெளிவிடும் பொருள்கள் காய்ச்சல் இல்லாத, வலி இல்லாத ஒரு நீடித்த அழற்சியை உண்டாக்குகின்றன. இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனும் கொழுப்பு செல்லில்தான் சுரக்கிறது. எடை கூடக் கூட அதன் அளவு இறங்கும். லெப்டினுக்கு நேர் எதிராக.

எவ்வளவு கொழுப்புக்கு இடம் இருக்கிறது என்ற எல்லை எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. 110 கிலோ எடையிலும் சர்க்கரையும் கல்லீரலும் சரியாக இருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய தோலடிக் கொழுப்பு இன்னும் இடம் கொடுக்கிறது. 62 கிலோவிலேயே நிரம்பிவிட்டவர்களும் உண்டு.

நான் ஒல்லி. எனக்கு ஏன் சுகர் வந்தது?

தெற்காசியர்கள் எல்லோரையும் தொடும் கேள்வி இது. 2004இல் ஒரு மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் வெளிவந்தது. ஒருவர் புனேவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3, அச்சு அசல் ஒன்றே. உடல் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடைக்கருவி சொல்லாத வேறுபாடு அது.

யாஜ்னிக் இதைப் பிறப்பிலிருந்தே தேடினார். புனே கிராமங்களில் பிறக்கும் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் சிறிதாக இருந்த அந்தக் குழந்தைகளிடம் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய்க்குச் சத்து போதாதபோது உடம்பு எதைக் காப்பாற்றிக்கொண்டது என்பது தெரிகிறது. தசை குறைவு, தோலடியில் இடம் குறைவு, வயிற்றுக்குள் சேர்வது அதிகம். இந்த அமைப்போடு மேசை வேலையும் மூன்று வேளை மாவுச்சத்தும் சேரும்போது, பார்ப்பதற்கு மெலிந்த உடம்பிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது.

அப்படியானால் எந்த அளவை நம்புவது?

நமக்கென்று தனி வரம்புகள் உண்டு. பொதுவாக உலக அளவில் பி.எம்.ஐ. 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன் என்பார்கள். இந்தியர்களுக்கு 23லேயே எச்சரிக்கை, 25லேயே பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

பேன்ட் அளவை வைத்துச் சொல்லாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் இன்ச் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் 1,13,000 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. பி.எம்.ஐ. கணக்கில் 28.6 சதவீதம் பேருக்குப் பருமன். வயிற்றுச் சுற்றளவு கணக்கில் 39.5 சதவீதம். எடையை மட்டும் பார்த்திருந்தால் பெரிய ஒரு கூட்டம் கண்ணில் படாமல் போயிருக்கும்.

கஷ்டப்பட்டுக் குறைத்த எடை ஏன் திரும்ப வருகிறது?

உடம்பு அதைத் தற்காத்துக்கொள்வதால். கொழுப்பு செல்கள் சுருங்கியதும் லெப்டின் சரிகிறது, மூளை பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. பெரும்பாலான எடை திரும்பியிருந்தது. அப்படியும் அவர்கள் உடல் ஓய்வில் செலவழித்த சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. செல்லுக்குள்ளும் பழைய தடம் இருக்கிறது. எடை குறைந்து இரண்டு ஆண்டு ஆனபின்னும் கொழுப்பு செல்களின் மரபணுச் செயல்பாடு பழையபடி முழுதாக மாறவில்லை என்று சூரிச் ஆய்வாளர்கள் 2024இல் காட்டினார்கள்.

எடை திரும்பியவரைப் பார்த்து "வாயைக் கட்ட முடியலையா?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். நாள் முழுக்க மூளை பசி பசி என்று சொல்லும்போது அதை எதிர்த்து நிற்பது எத்தனை பெரிய வேலை என்பது அதைச் செய்பவருக்குத்தான் தெரியும்.

லைபோசக்ஷன் செய்துகொண்டால் சுகரும் குறையுமா?

குறையாது. 2004இல் அமெரிக்காவில் 15 பெண்களிடமிருந்து சராசரியாக 10 கிலோ அளவுக்குத் தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, 10 முதல் 12 வாரம் கழித்துச் சோதித்தார்கள். இன்சுலின் செயல்பாடு, ரத்த அழுத்தம், சர்க்கரை எதிலும் முன்னேற்றம் இல்லை. எடுத்தது நல்ல இடத்தில் இருந்த கொழுப்பு, கல்லீரலில் இருந்தது அப்படியே இருந்தது. உருவ மாற்றத்துக்காகச் செய்துகொள்வது அவரவர் விருப்பம். நோய்க்கு மருந்தாக யாராவது விற்றால் ஏமாறாதீர்கள்.

இப்போது வந்திருக்கும் எடைக்குறைப்பு ஊசிகள்?

செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்றவை குடல் ஹார்மோன்களைப் போல மூளையில் வேலை செய்து பசியைத் தணிக்கின்றன. கொழுப்பை இவை நேரே கரைப்பதில்லை. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில் செமாக்ளூடைட் எடுத்தவர்களுக்கு 68 வாரத்தில் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. கொழுப்போடு தசையும் கொஞ்சம் போகும் என்பதால், ஏற்கெனவே தசை குறைந்த நம்மவர்கள் புரதத்தையும் பளு தூக்கும் பயிற்சியையும் விடக்கூடாது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்தில்லை இது.

இது பரம்பரையா, பழக்கமா?

இரண்டும். 2007இல் கண்டறிந்த எஃப்.டி.ஓ. மரபணுவின் ஒரு வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் எடை சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருக்கும். இப்படி நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. அவை பெரும்பாலும் மூளையில், பசியும் நிறைவும் உணரும் இடத்தில் வேலை செய்பவை. சுற்றிலும் மலிவாகத் தின்பண்டம் கிடைக்கும்போதுதான் அவற்றின் பலம் வெளிப்படும்.

குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் கவலைப்பட வேண்டுமா?

கைக்குழந்தை என்றால் வேண்டாம். பாலூட்டி இனங்களில் மனிதக் குழந்தை மிகவும் கொழுப்போடு பிறப்பது. வளரும் மூளைக்கு அது தேவை. நான்கைந்து வயதுக்குப் பிறகு வேகமாக எடை ஏறினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். செல்களின் எண்ணிக்கை கூடும் பருவம் அது. "குண்டு" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதை மட்டும் வீட்டில் யாரும் செய்யக்கூடாது.

எவ்வளவு குறைத்தால் பலன் தெரியும்?

பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே போதும். முதலில் வெளியேறுவது கல்லீரலில் தங்கிய கொழுப்புதான். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு எல்லாம் அசையத் தொடங்கும். பிரிட்டனில் நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களிடம் நடந்த ஆய்வில் (முடிவு 2017இல்), மிகக் குறைந்த கலோரி உணவுத் திட்டத்தை மருத்துவர்கள் மேற்பார்வையில் பின்பற்றியவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மருந்தில்லாமலே சர்க்கரை நீரிழிவு வரம்புக்குக் கீழே வந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம்.

எடை குறையவே இல்லையென்றாலும் சோர்ந்துபோக வேண்டாம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வு, நீரிழிவின் வாசலில் நிற்கும் 531 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தினமும் அரைமணி நேர நடை, சர்க்கரையும் மாவுச்சத்தும் எண்ணெயும் குறைத்த சாப்பாடு. அந்தப் பிரிவினரின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. அப்படியும் நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. தசை வேலை செய்தாலே சர்க்கரைக்கு ஒரு வழி கிடைக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

எடையோடு இடுப்பையும் அளக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ட்ரைகிளிசரைடு, நல்ல கொலஸ்ட்ரால், கல்லீரல் நொதிகள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லலாம். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் எடுத்துப்போங்கள். ஸ்டீராய்டுகள், சில மனநல மருந்துகள், சில நீரிழிவு மருந்துகள் எடையைக் கூட்டும். மாற்று உண்டா என்று கேட்கலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறட்டை பலமாக இருந்து பகலில் தூக்கம் வந்தால் அதையும் சொல்லுங்கள். "எடையைக் குறை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், எப்படி என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல நேரம் ஒதுக்கும் மருத்துவரோ உணவியல் நிபுணரோ கிடைக்கும்வரை தேடுங்கள்.